பார்வைக் கொக்கு

நம் விமர்சனத்தில் மிகவும் தேய்ந்துபோன வார்த்தை 'பார்வை'. ஒருவருக்குப் பார்வை இருக்கிறது என்கிறோம். இன்னொருவருக்கு நடை இருக்கிறது, பார்வை இல்லை என்கிறோம். வாழ்க்கைப் பார்வை, உலகப் பார்வை, வரலாற்றுப் பார்வை என்று எதன் பின்னாலும் அது ஒட்டிக்கொள்ளும். நானும் கணிசமாகச் செலவழித்திருக்கிறேன். பழந்தமிழில் இந்த வார்த்தைக்கு இன்னொரு தொழில் இருந்தது. ஒரு மிருகத்தைப் பிடிப்பதற்கு அதே இனத்து மிருகம் ஒன்றைப் பழக்கிக் கட்டிவைப்பார்கள். அதைக் கண்டு மற்றது வரும். வருவது வலையில் விழும். கட்டிவைத்ததற்குப் பெயர் பார்வை. மானுக்குப் பார்வை மான், பறவைக்குப் பார்வைப் பறவை. பார்ப்பது என்ற செயலுக்கும், பார்ப்பவனை ஏமாற்ற வைக்கும் பொருளுக்கும் ஒரே பெயரை வைத்த சமூகம் ஏதோ தெரிந்துதான் வைத்திருக்கிறது.

எங்கள் ஊரில் வெண்ணாறு பிரிகிறது. மூணாறு தலைப்பு என்பார்கள்: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதியே திறந்தாலும் சரி, அணையில் தண்ணீர் இல்லையென்று தள்ளிப்போட்டாலும் சரி, வயலில் சேற்றுழவு தொடங்கிய அன்றே கொக்கு வந்துவிடும். டிராக்டருக்குப் பின்னால் பத்தடி விட்டு, புரளும் மண்ணில் பூச்சியும் புழுவும் பொறுக்கிக்கொண்டு வெள்ளையாக நடந்து வரும். அவற்றுக்கு நடுவே மடையான் நிற்பது கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ந்தால் சேறு, பறந்தால் வெள்ளை என்று இரண்டு ஜன்மம் அதற்கு. மழைக்காலம் முற்றினால் பக்கத்து வடுவூர் ஏரிக்குச் சிறகியும் ஊசிவால் வாத்தும் வரும். அந்த ஏரி 1999-இல் சரணாலயம் ஆயிற்று. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலருடன் ஆட்கள் வருகிறார்கள். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இது கொக்கையும் மடையானையும் ருசி பார்த்துத் தின்ற வட்டாரம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டு இந்தப் பட்சிகளின் வெண்மையைப் பற்றி எழுதுவது ஒருவகைப் பொய். தஞ்சை மண்ணின் பசுமையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பொய்யைத்தான் எழுதுகிறார்கள்.

முதியோர் உதவித்தொகை எடுக்க மாதாமாதம் எங்கள் கிளைக்கு வருகிறவர் ஒருவர் இளமையில் கொக்கு பிடித்தவர். விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காட்டு வாத்துகளை லைசென்ஸ் வாங்கிச் சுடுவதற்கு 1972-ஆம் வருஷத்து வன உயிர்ச் சட்டம் இடம் விட்டிருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அந்த வாசலையும் மூடிவிட்டது. கொக்குக்கும் நாரைக்கும் அதே காப்பு உண்டு. அவர் பிடித்ததெல்லாம் சட்டத்துக்கு வெளியேதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரிடம் நான் கேட்டுக்கொண்டது தொழிலை மட்டும். கூட்டமில்லாத மத்தியானங்களில், கவுண்ட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நாலைந்து மாதங்களில் தவணை தவணையாகச் சொன்னார்.

அவர் பேச்சில் பார்வை என்ற வார்த்தை கிடையாது. துணியால் செய்து நடுவது 'வைக்கிற கொக்கு'. உயிரோடு இருப்பது 'கட்டுற கொக்கு'. செய்வது லேசு. மூங்கில் சிம்பை வளைத்து, பழைய வேட்டியைச் சுற்றி, கழுத்துக்கு ஒரு குச்சி. பின்னால் உரச்சாக்கு வந்தது, தெர்மோகோல் வந்தது. சாக்கு வெயிலில் பளபளக்கும், அதில் கொக்கு மிரளும் என்பதால் சேற்றைக் குழைத்துப் பூசிப் பளபளப்பை அடக்குவார்களாம். அலகு, கண், கால் விரல் எதையும் இவர் வைத்ததில்லை. ஏன் என்று கேட்டபோது சொன்னார்:

"கொக்கு மாதிரி இருக்கணும்னு ஒண்ணும் இல்ல சார். கொக்கு நிக்கிற மாதிரி இருக்கணும்."

இதை நான் வேறெங்கும் படித்ததில்லை. அழகியல் புத்தகங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நிற்பது என்றால் என்ன? முதலில் காற்று. கனமான பட்சி எதுவும் காற்றுக்கு எதிரேதான் இறங்கும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் அதற்கு நிதானம் போய்விடும். ஆடி ஆவணியில் மேல்காற்று, ஐப்பசி பிறந்தால் வாடை. ஆகவே சம்பா வயலில் வைக்கிற கொக்குகளில் பெரும்பாலானவை வடகிழக்கே முகம் வைத்திருக்க வேண்டும். எல்லாமும் அப்படி இருந்தால் அது போலீஸ் அணிவகுப்பு. இரண்டு மூன்றைக் கோணலாகத் திருப்பவேண்டும். அப்புறம் கழுத்து. இரை தேடுகிற கொக்கு கழுத்தை மடித்தோ தாழ்த்தியோ இருக்கும். கழுத்தை நிமிர்த்துவது ஆள் வருகிறது என்பதன் அடையாளம். புதிதாகச் செய்பவன் எல்லாக் கொக்குக்கும் அழகாகக் கழுத்தை நீட்டிவிடுவான். படத்தில் கொக்கு அப்படித்தானே இருக்கிறது! மேலே பறந்து வருவதற்கு அது ஒரு வயல் நிறையக் கூச்சல்.

பிறகு இடைவெளி. பயம் வந்தால்தான் பறவைகள் ஒன்றையொன்று நெருங்கும். பசியாறுகிற கூட்டம் சிதறிக் கிடக்கும், ஒன்றின் இரையில் மற்றது மூக்கை நீட்டாத தூரத்தில். நெருக்கி நட்டால் அழைப்பதற்குப் பதில் விரட்டும். கடைசியாக, இவர் ரொம்ப நேரம் பேசிய விஷயம், வெற்றிடம். கொக்குகளை ஏறக்குறைய 'ப' போல நட்டு, திறந்த வாய் காற்றுப் போகிற பக்கம் இருக்கும்படி விடவேண்டும். வருகிறது அந்த வாய் வழியாகக் காற்றை எதிர்த்து உள்ளே வந்து நடுவில் இறங்கும். இறங்குகிற இடத்தில் சேற்றுக்குள் நைலான் கண்ணி. "அது எறங்குற எடம் நமக்கு வெறும் எடமாத்தான் தெரியும். நாம செய்யிறது அந்த எடத்தத்தான் சார். கொக்க இல்ல." இதைச் சரிபார்க்க அவர் வரப்பில் நின்று பார்ப்பதில்லை. பக்கத்துத் தென்னையில் ஏறிப் பார்ப்பார். பார்க்கப்போகிறது மேலேயிருந்து அல்லவா? வரப்பில் நின்று சரிசெய்பவன் தனக்காகச் செய்கிறான் என்றார்.

வாத்து வேட்டைக்கு வெள்ளைக்காரர்கள் கண்ட முறையும் இதிலிருந்து அதிகம் விலகவில்லை. மரத்தில் கடைந்து சாயம் பூசிய வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் கனம் கட்டி, அதே வளைவு, அதே திறந்த வாய். துப்பாக்கி என்பதால் நடுவெளி நாற்பது கஜத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அலையே இல்லாத தண்ணீரில் அசையாமல் கிடக்கும் வாத்துகளை நிஜ வாத்து நம்பாது. அதனால் ஒரு கயிற்றைக் கட்டி மறைவிலிருந்து அவ்வப்போது இழுத்து வளையம் எழுப்புவார்கள். இவருடைய அப்பா காலத்தில் ஏரிச் சிறகிக்குக் கரி பூசிய சுரைக்குடுக்கைதான். கங்கைச் சமவெளியின் ஜீல்களில் இன்னும் ஒரு படி போனார்கள்: வெறும் மண்பானைகளைப் பல நாள் மிதக்கவிட்டு வாத்துகளுக்குப் பழக்குவது, பழகியபின் ஒரு பானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஆள் கழுத்தளவு நீரில் மெல்ல நகர்ந்து போய்க் காலைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவது. பானைக்கும் வாத்துக்கும் சாயல் ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டாதது என்ற ஒரு குணம் போதும். சாயலின் அவசியமின்மையை விஞ்ஞானமும் வேறொரு பக்கத்திலிருந்து கண்டது. டின்பெர்கன், கடற்காக்கைக் குஞ்சுகளுக்குத் தாயின் தலையைத் தத்ரூபமாகச் செய்து காட்டினார். மூன்று வெள்ளைக் கோடு போட்ட வெறும் சிவப்புக் குச்சியையும் காட்டினார். குஞ்சுகள் குச்சியைத்தான் அதிகம் கொத்தின. 1973-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

இங்கே நம் வீட்டு விஷயம் ஒன்று. புதுக்கவிதையில் படிமம் படிமமாக நெருக்கி நடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு படிமத்துக்கும் அலகு, கண், நகம் எல்லாம் உண்டு. கழுத்து வேறு நிமிர்ந்திருக்கும். வாசகன் வந்து இறங்க ஒரு முழம் காலி இடம் கிடையாது. வட்டமடித்துவிட்டுப் போய்விடுகிறான். அப்புறம் வாசகனுக்குப் பக்குவம் போதாது என்று தலையங்கம் வரும். இன்னொரு ஜாதி, வரியை உடைத்து வெற்றிடம் மட்டும் வைக்கிறவர்கள். கொக்கே நடாத வயலில் கண்ணி. இவர்களை எல்லாம் ஒரு மாதம் தென்னை மரத்தில் ஏற்றிவைக்கலாம்.

ஆனால் இந்த உவமையை ஓர் எல்லைக்கு மேல் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. கவிதை வாசகனைக் கொல்வதற்காக வைக்கப்படுவதில்லை. கொக்குக்கு வைத்தது கொல்லத்தான். இதை மறக்கவைக்கும் அளவுக்கு அவர் பேச்சில் நுட்பம் இருந்தது, கேட்கும் சந்தோஷமும் இருந்தது. ஒரு கலையின் உள்விவரங்கள் தரும் சந்தோஷம் அந்தக் கலை எதற்காக என்ற கேள்வியை எவ்வளவு சுலபமாகத் தள்ளிவைக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே கேட்டேன்.

கட்டுற கொக்கைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் நான் கேட்டேன். துணிக் கொக்கு தூரத்திலிருந்து கூட்டிவரும், கடைசி நொடியில் சந்தேகம் தீர்க்க உயிருள்ளது ஒன்று வேண்டும் என்றார். முதல் நாள் பிடிபட்டதில் ஒன்றைக் காலில் கயிறு போட்டு முளையில் கட்டி, வெற்றிடத்தின் ஓரத்தில் விடுவார்கள். அது சும்மா நிற்காது. ஆளைக் கண்டால் சிறகடிக்கும், மேலே கூட்டம் போனால் எம்பும், அலறும். அது அலறினால் எல்லாம் கெட்டது. ஆகவே கண்ணைத் தைத்துவிடுவார்கள். மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்து ஊசி நூலால், அல்லது அதன் இறகின் தண்டாலேயே. கண் மூடியதும் அடங்கிவிடும். சேற்றில் கால் பட்டால் அனிச்சையாகக் கழுத்தைத் தாழ்த்தி நிற்கும். இரை தேடுகிற தோற்றம் அதுதான். இதைச் சொல்லும்போது அவர் விரல்கள் தையலைத் தாமாகவே போட்டுக் காட்டின.

பார்வை என்று பெயர். கண் தைத்திருக்கும்.

கொடுமை உலகத்துக்குப் பொதுவானதுதான். எகிப்தில் மூவாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய நெபமூன் கல்லறைச் சித்திரத்தில், ஓடத்தில் நிற்கும் வேட்டைக்காரன் ஒரு கையில் நாரைகளைக் காலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான். மற்றப் பறவைகளுக்குக் காட்டத்தான். அமெரிக்காவில் உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்துச் சுடுவதை 1935-இல் தடைசெய்தார்கள். மர வாத்துக்குத் தடையில்லை. அங்கேயே நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-இல் கிடைத்த பதினொரு வாத்துகள் கோரை இனத்துப் புல்லை முறுக்கிக் கட்டியவை, சுமார் இரண்டாயிரம் வருஷத்துப் பழமை. கோரையாற்றங்கரையில் உட்கார்ந்து இதைப் படித்தபோது ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்: அந்தக் குகைக்காரன் கோரையை முறுக்கிய காலமும் நம் சங்கப் புலவர்கள் பார்வை வேட்டுவனைக் கண்ட காலமும் ஏறக்குறைய ஒன்று.

சங்கப் பாடல்களுக்கு வருகிறேன். என் நினைவில் இருக்கும் நாலு இடங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பின் முற்றத்தில் விளாமரத்தில் பார்வை மான் கட்டியிருக்கிறது. வெறுமனே கட்டியிருக்கிறது, அவ்வளவே. நற்றிணை 212-இல் பார்வை வேட்டுவன் விரித்த வலையைக் கண்டு மிரண்டு நெடுங்கால் பறவை ஒன்று குரல் எழுப்புகிறது. வழிப்போகும் கூத்தருக்கு அந்தக் குரல் யாழோடு சேர்ந்து ஒலிக்கிறது. இதைப் பாடிய கீரத்தனாரின் குடவாயில் இங்கிருந்து வடகிழக்கே இருக்கும் குடவாசல்தான் என்பது பொதுவான கொள்கை. அவர் கண்ட வேட்டுவன் பாலை நிலத்தவன். ஆனால் பட்சி தப்பிப் போகும் நொடியின் சத்தம் எந்த வயலிலும் அதே சத்தம்தான்.

புறநானூறு 320, வீரை வெளியனார் பாட்டு, இன்னும் விசேஷம். வேட்டுவன் முற்றத்துக் கொடி நிழலில் அயர்ந்து தூங்குகிறான். கட்டியிருந்த பார்வைப் பிணையிடம் எங்கிருந்தோ தனி ஆண்மான் ஒன்று வந்துவிட்டது. பொறி பலித்துவிட்டது, எழுப்பவேண்டியதுதான் பாக்கி. வேட்டுவன் மனைவி பார்க்கிறாள். இரண்டும் கூடி விளையாடுகின்றன. கணவன் விழித்துவிடுவானோ என்று ஒரு பயம், ஆண்மான் பிணையை விட்டுப் போய்விடுமோ என்று ஒரு பயம். அசையாமல் நிற்கிறாள். மான்தோலில் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழி வந்து ஆரவாரமாகத் தின்கிறது. அதை ஓட்டக்கூட அவள் அசையவில்லை. நாளைக்கு உணவு என்ன என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. இல்லாமையை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்பதை நான் வேறு பாட்டில் கண்டதில்லை. இதைக் 'கருணை' என்று சொல்லித் தாண்டிப் போகிற உரை விளக்கங்கள் எனக்கு உவப்பில்லை. அவளுக்கு அந்த இரண்டு பயங்களும் சம எடையில் இருக்கின்றன என்பதுதான் பாட்டு.

நாலாவது எங்கள் சமாசாரம். நற்றிணை 312, கழார்க் கீரன் எயிற்றியார். கழார் காவிரிக்கரை ஊர். பாடியவள் பெயரிலேயே எயினர் குலம் இருக்கிறது. மழையும் பனியுமான முன்பனிக் காலம், ஈங்கைத் தளிர் மேலே உரச, சிறகைக் குவித்துக்கொண்டு துயரத்தோடு உட்கார்ந்திருக்கிறது ஒரு வெள்ளைக் குருகு. பார்வை வேட்டுவன் மனமிரங்கி அதன் பிணிப்பை நீக்கிவிடுகிறான். பொருள் தேடப் போகலாமா என்று யோசிக்கும் தலைவன், பக்கத்தில் இருக்கும்போதே குளிரில் நடுங்குகிறவள் இந்த வாடையில் தனியே என்ன ஆவாள் என்று நினைத்துக்கொள்ளும் பாட்டு இது. நற்றிணைக்கு முதலில் உரை கண்டவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர். அவர் 1914-இல் இறந்தார், புத்தகம் 1915-இல் வந்தது. இந்த வயல்களையும் இந்த வாடையையும் பிறந்ததிலிருந்து தெரிந்தவர். அந்தக் குருகுக்கு விளக்கம் எழுத அவர் எங்கும் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

நாலு இடத்திலும் பார்வை எதையும் பிடிக்கவில்லை. ஒன்று சும்மா கட்டியிருக்கிறது, ஒன்று காரியம் கெட்டுப் பட்சி பறந்துபோகிறது, ஒன்று பிடிக்க வந்ததையே காதலிக்கிறது, ஒன்று அவிழ்த்துவிடப்படுகிறது. வேட்டை நடந்துகொண்டுதான் இருந்தது, அந்தக் கறியைத் தின்றவர்கள்தான் பாடியிருக்கிறார்கள். ஆனாலும் பார்வையை அவர்கள் பார்த்தது அது வேலையில் இல்லாத நேரத்தில். தென்னை மரத்தில் ஏறிப் பார்த்தவருடைய இடம் ஒன்று. முற்றத்தில் அசையாமல் நின்றவளுடைய இடம் வேறு. விமர்சகன் முதல் இடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அது இல்லாதவன் எழுதுவது வெறும் நெகிழ்ச்சி. இரண்டாவது இடத்தைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. நாம் 'பார்வை' என்று சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்றாவது தெளிவு வேண்டும்.

இப்போதெல்லாம் பட்சிகளைத் திரும்ப வரவழைக்கவும் பொம்மை நடுகிறார்கள். மெய்ன் மாகாணத்துத் தீவு ஒன்றில் அற்றுப்போயிருந்த பஃபின் பறவைகள் 1977-இல் மரப் பஃபின்களை நட்டு வைத்த பிறகு, 1981-இல் அங்கே மறுபடி கூடு கட்டின. நியூசிலாந்தின் மானா தீவில் எண்பது கான்க்ரீட் கடற்பறவைகளை வைத்தார்கள். வெகுகாலம் ஒரே ஒரு நிஜப் பறவைதான் வந்து தங்கியது. அது கான்க்ரீட் பறவை ஒன்றுக்குக் கூடு கட்டி, அதன் இறகைக் கோதிக் கோதிப் பார்த்துக்கொண்டிருந்தது. 2018-இல் அதன் பக்கத்திலேயே செத்துக் கிடந்தது. பெயர்கூட வைத்திருந்தார்கள், நைஜல். வீரை வெளியனார் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

போன மாதம் அவர் வந்தபோது, சீசன் முடிந்ததும் கட்டுற கொக்கை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பாஸ்புக்கை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"தின்னுருவோம் சார். வேற என்ன பண்றது. ஆனா அடமழை புடிச்சிக்கிட்டா ரெண்டு நாளு மூணு நாளு வயலுக்கே போக முடியாது. அப்ப வீட்டுல கெடந்து நடுங்கிக்கிட்டு நிக்கும். எங்க வூட்ல அதப் பாத்துட்டு அவுத்து வுடுங்கன்னு சத்தம் போடும். தையலப் பிரிச்சி வயல்ல கொண்டாந்து வுட்டா ஒடனே பறக்காது. கண்ணத் தொறந்து தொறந்து மூடும். அப்பறம் மெதுவா நடந்து போயி அந்தத் துணிக் கொக்குக்குப் பக்கத்துல நிக்கும்."